1394 என்னும் இணைப்பு

2007 பிப்ரவரி. ஓசூர், மூக்கண்டப்பள்ளி.

ஞாயிறு. மகள் தொலைபேசியில் பேசினாள். வியாழன் பிற்பகல், நம் நேரம் மூன்று மணிக்கு, குழந்தையைத் தொட்டிலில் இட்டுப் பெயர் சூட்டுவதாக முடிவு.

திங்கள். காவிரி தொடர்பாகக் கர்நாடகத்தில் பந்த். எல்லை ஊரான ஜூஜுவாடிக்கு அப்பால் வாகனங்கள் செல்லவில்லை.

செவ்வாய். பேருந்துகள் எல்லையோடு திரும்பின. பெங்களூர் சென்று உதிரிப்பொருள் வாங்கும் திட்டம் கைவிடப்பட்டது. மாலையில் அண்டை வீட்டாருடன் வயர்லெஸ் வழியாக முயன்றோம். பலனில்லை.

புதன். நெட்வொர்க் பிரிட்ஜ் அமைக்கக் கணினி மறுத்தது. அண்டை வீட்டார் ஷிஃப்ட் முடிந்து வரவில்லை.

அந்த வாரத்தில் நான் எழுதிவைத்திருந்த குறிப்பு இவ்வளவே. வியாழனுக்கு எதுவும் எழுதவில்லை. எழுத நேரம் இல்லாமல் போனதே காரணம்.

என் மனைவிக்கு அப்போது முதுகெலும்பைத் தொட்டுவிட்ட நோய். பின்னறைக் கட்டிலில் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். தலையணையைக்கூட உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர் ஆணை. மகள் ஐரோப்பாவின் வடக்கே ஒரு நகரத்தில் இருந்தாள். பேத்தி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவர்கள் இங்கே வர இயலாது. இவள் அங்கே போகும் காலம் கடந்துவிட்டது. குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்வது பாட்டியின் உரிமை என்பது கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டு வழக்கம். அந்தப் பெயரைத் தானே சொல்ல வேண்டும், சொல்லும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினாள். அதற்கு மேல் எதையும் அவள் கேட்கவில்லை.

தொலைபேசியிலேயே சொல்லிவிடலாமே என்றேன்.

"குரல் மட்டும் போதும்னா கேசட்டுல பேசித் தர்றேன், தபால்ல அனுப்பிடுங்க" என்றாள். அதோடு அந்த யோசனை முடிந்தது.

வீட்டில் இருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் தொலைபேசி இணைப்பு, அதில் பிராட்பேண்ட் மோடம், அதனோடு ஒரு டெஸ்க்டாப். அந்த மோடத்தில் வயர்லெஸ் வசதி இல்லை. லேன் கேபிளுக்கு ஒரே ஒரு துளைதான். பின்னறையில் ஒரு லேப்டாப். மல்லாந்து படுத்திருப்பவர் முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடிக்கக்கூடிய திரை வீட்டில் அது ஒன்றுதான். டெஸ்க்டாப்பின் பருத்த பழைய கண்ணாடிக்குழாய்த் திரையை இருவர் சேர்ந்துதான் தூக்க முடியும். ஆனால் லேப்டாப்பின் லேன் துளை முந்தைய ஆண்டு மே மாத இடியில் உயிர் விட்டிருந்தது. அதனால் மோடத்தோடு அதை நேராக இணைக்க வழியில்லை. தொலைபேசிக் கம்பியைப் பின்னறைக்கு நீட்டி அங்கேயே டயல் செய்து பார்த்தேன். படம் வரும் வேகம் அதற்கு இல்லை.

சாதாரண வாரமாக இருந்தால் இதில் எழுதுவதற்கு எதுவுமில்லை. ஓசூரில் எந்தப் பொருள் கிடைக்காவிட்டாலும் காலையில் பேருந்து ஏறினால் மதியம் பெங்களூரிலிருந்து வாங்கி வந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் வாழ்ந்தோம். அந்த வாரம் அந்தக் கதவு மூடியிருந்தது. கைக்கு எட்டும் தொலைவில் உள்ள பொருள்களைக் கொண்டே வியாழனைச் சந்திக்க வேண்டும். எனவே கேள்வி ஒன்றாகச் சுருங்கியது: டெஸ்க்டாப்பை இடையில் வைத்து, மோடத்திலிருந்து வருவதை லேப்டாப்புக்குக் கடத்த முடியுமா?

அண்டை வீட்டார் திருநெல்வேலிக்காரர். தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர். செவ்வாய் மாலை, வேலை முடிந்து வந்த சீருடையோடு, கையில் யுஎஸ்பி வயர்லெஸ் கருவி ஒன்றுடன் வந்தார்.

"இத டெஸ்க்டாப்ல சொருகுவோம் சார். லேப்டாப்ல வயர்லெஸ் இருக்குல்லா? ரெண்டும் ரேடியோல பேசிக்கிடட்டும். நடுவுல பிரிட்ஜ் போட்டுருவோம். முடிஞ்சுது சோலி."

நெட்வொர்க் பிரிட்ஜ் என்ற சொற்களைத் திரையில் பலமுறை கண்டிருந்தும் அன்றுதான் நின்று பார்த்தேன். ஒரு கணினியில் இரண்டு இணைப்புகள் இருந்தால் இரண்டையும் தேர்ந்தெடுத்து, சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, பிரிட்ஜ் என்று கட்டளையிட்டால் போதும். அதன்பின் அந்தக் கணினி ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் அப்படியே சொல்லும். எந்த முகவரி எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. பேசுபவர்களைக் கவனித்துத் தானே கற்றுக்கொள்ளும். இணைக்கப்பட்ட இரண்டு வழிகளுக்கும் அதுவரை இருந்த தனி ஐபி எண்கள் போய், பிரிட்ஜுக்கென ஒரே எண் மிஞ்சும். நாற்பது ஆண்டுகள் உலோகவியலில் கழித்த எனக்கு இது, உலோகத் துண்டுகளை உருகி ஒட்டவைக்கும் பற்றாசின் நினைவைத் தந்தது. ஆனால் ஒப்புமை பொருந்தவில்லை. பற்றாசு இரண்டு உலோகங்களிலும் சிறிது கலந்துவிடும். இது எதிலும் கலப்பதில்லை.

பிரிட்ஜ் அமைந்தது. டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஆனால் டெஸ்க்டாப்பைத் தாண்டி எதுவும் போகவில்லை.

"ஏ, நீ மட்டும் பேசிக்கிட்டு நின்னா எப்படி, உள்ள விடு அவன" என்று அவர் டெஸ்க்டாப்பைத் தட்டினார்.

பின்னறையிலிருந்து என் மனைவியின் குரல்: "தட்டினா வருமாங்க அது? நம்ம பழைய டிவியா?"

"தட்டுனா வராதும்மா. தட்டாட்டியும் வரலியே!"

பிறகு அவர் பிரிட்ஜைக் கலைத்துவிட்டு, இணைப்பைப் பகிரும் ஷேரிங் என்ற வேறொரு வசதியை இயக்கிப் பார்த்தார். அதுவும் ஓடவில்லை. ஷேரிங் தன் கணினிக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும்; எங்கள் மோடமும் அதே எண்ணைத்தான் வைத்திருந்தது. ஒரே தெருவில் ஒரே கதவிலக்கத்துடன் இரண்டு வீடுகள். மோடத்தின் எண்ணை மாற்றலாம். அதன் கடவுச்சொல் எங்களிடம் இல்லை. "நாளைக்குப் பாத்துக்கிடலாம் சார், இது இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிச் சென்றார்.

புதன் காலை, மனைவிக்குக் கஞ்சி கொடுத்த பின், கணினியிலேயே இருந்த உதவிப் பக்கங்களைத் திறந்தேன். எந்தெந்த இடைமுகங்களைப் பிரிட்ஜில் சேர்க்கலாம் என்று அங்கே எழுதியிருந்தது. ஈத்தர்நெட் சேரும், அதாவது நம் லேன் கேபிள். வீட்டுத் தொலைபேசிக் கம்பியிலேயே கணினிகளை இணைக்கும் ஒருவகைக் கருவி சேரும். அதை நான் எங்கும் கண்டதில்லை. வயர்லெஸ் சேரும், ஆனால் எல்லா வயர்லெஸ் கருவிகளும் அல்ல. தனக்கு வராத செய்திகளையும் காது கொடுத்துக் கேட்கும் திறன் கருவிக்கு வேண்டும். தனக்கு உரியதை மட்டும் கேட்பது இடையில் நிற்கத் தகுதியற்றது. செவ்வாய்த் தோல்விக்கு விளக்கம் கிடைத்தது. டயல்-அப் சேராது. அலுவலகத்தோடு இணைய அமைக்கும் விபிஎன் என்னும் மறைவழிகளும் சேரா. இவற்றுக்கு நடுவே ஒரு சொல்: 1394.

அந்த எண்ணை எனக்குத் தெரியும். லேப்டாப்பின் இணைப்புகள் பக்கத்தைத் திறந்தபோதெல்லாம் "1394 கனெக்ஷன்" என்று ஒரு சின்னம் அங்கே நின்றுகொண்டிருக்கும். எதனோடு இணைப்பு, எதற்கு இணைப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அழைக்காமல் விசேஷத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் உறவினரைப்போல் அது இருந்தது. இப்போது தேடிப் பார்த்தேன். லேப்டாப்பின் இடப்பக்கத்தில் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத ஒரு துளை. வீடியோ கேமராவிலிருந்து படத்தைக் கணினிக்கு இறக்கும் ஃபயர்வயர் துளை. அந்தக் காலத்து விண்டோஸ் அதையும் ஒரு நெட்வொர்க் வழியாகவே மதித்தது.

எனக்கு வியப்பாக இருந்தது. யுஎஸ்பியில் ஒருவர் எசமான், மற்றவர் பணியாள். இரண்டு எசமானர்களை வெறும் கம்பியால் இணைத்தால் இருவருமே வாய் திறக்கமாட்டார்கள். ஃபயர்வயரில் அந்தப் பேதம் இல்லை. இரண்டு முனைகளும் சமம். இரண்டு கணினிகளை நேராகக் கோக்கலாம். கம்பியின் நீளம் நாலரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

டெஸ்க்டாப்பில் அந்தத் துளை இல்லை. அதற்கு ஒரு கார்டு வேண்டும், ஒரு கேபிள் வேண்டும். இரண்டும் பிறகு. முதலில் பிரிட்ஜ் அமைகிறதா என்று மறுபடி சோதிக்க, செவ்வாயன்று செய்ததுபோலவே இரண்டு இணைப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். கணினி மறுத்தது. ஷேரிங்கில் உள்ள இணைப்பைப் பிரிட்ஜில் சேர்க்க இயலாது என்று அறிவித்தது.

ஷேரிங்கை இயக்கியவர் அண்டை வீட்டார். நிறுத்துவது எளிது, ஒரு சிறு கட்டத்தில் உள்ள குறியை எடுத்தால் போதும். நான் எடுக்கவில்லை.

தொழிற்சாலையில் வேலை செய்யாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஓர் எந்திரத்தில் பழுது பார்ப்பவர் அதன் மின்விசையைத் துண்டித்து, தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டுவார். அந்தப் பூட்டை அவர் மட்டுமே எடுக்கலாம். மேலாளர் வந்தாலும், உற்பத்தி நின்றாலும், மற்றவர் தொடக் கூடாது. என் நாற்பது ஆண்டுகளில் முப்பதை அந்த விதியோடு ஓர் உலைக்கூடத்தில் கழித்தவன் நான். அவர் "இது இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிச் சென்றது என் காதில் ஓர் அட்டையாகத் தொங்கியது. தொழிற்சாலைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அவர் மாலையில் வருவார் என்று காத்திருந்தேன்.

அவர் வரவில்லை. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலும் அதைத் தாண்டியும் குடியிருந்த தொழிலாளர்கள் வேலைக்கு வர முடியாததால், இவரை அடுத்த ஷிஃப்டுக்கும் நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய மனைவி வந்து சொல்லிப் போனார்.

"என்னாங்க, ஆச்சா?" என்றாள் என் மனைவி.

"அவர் வரட்டும். அவர் போட்டது."

கூரையைப் பார்த்தபடியே, "உங்க ஃபேக்டரியை விட்டு நீங்க வந்தாச்சு. அது உங்களை விட்டுப் போகல" என்றாள். கோபம் இல்லை. முகத்தைத் திருப்ப முடியாதவர்களின் கேலியில் ஒரு கூர்மை உண்டு. அதைக் குரலிலேயே வைக்க வேண்டியிருக்கிறது.

வியாழன் காலை ஏழு மணிக்கு அவர் கண் சிவந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எதுக்கு சார் என்னைய எதிர்பாத்தீங்க? ஒரு டிக்கு தான!"

"நீங்கள் போட்ட டிக்."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறியை எடுத்துவிட்டு, "எடுத்துட்டேன் சார். லைன் உங்களுக்கு" என்றார். பூட்டை எடுத்ததும் சொல்ல வேண்டிய முறை அது. பின்னறையில் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "ரெண்டு பேரையும் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்."

கார்டும் கேபிளும் எங்கே கிடைக்கும் என்பதை அவர்தான் உடனே கண்டார். "கல்யாண வீடியோக்காரன்ட்ட இருக்கும் சார். கேமராவ கம்ப்யூட்டர்ல மாட்டுறதே இதுலதான."

பாகலூர் சாலையில் இருந்த ஸ்டுடியோவுக்குச் சென்றேன். உரிமையாளர் தொலைபேசியில், நாளைக்குக் கொடுத்துவிடுவதாகக் கன்னடத்தில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்: "ஆயித்து சார், ஆயித்து, நாளெ கொட்டுபிடுத்தீனி." வைத்துவிட்டு, உள்ளே இருந்தவரிடம் தெலுங்கில் தேநீர் சொல்லிவிட்டு, என்னிடம் தமிழுக்கு வந்தார்.

"கல்யாணம் அந்தப் பக்கம் சார், ஆனேக்கல்ல. பொண்ணு வீடு இந்தப் பக்கம். முகூர்த்தம் முடிஞ்சுது, பந்த் வந்துடுச்சு. என் கேமராமேன் கேசட்டோட அங்கியே மாட்டிக்கினான். பொண்ணோட அப்பா டெய்லி ஃபோன் பண்றாரு, சிடி எங்க, சிடி எங்கன்னு. நான் என்ன, பார்டரைத் தூக்கி ஓரமா வெக்கட்டா?"

ஃபயர்வயர் கார்டு தேவை என்றேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"அதுல படம் எறக்குவாங்க. இன்டர்நெட்டு போவுமா?"

"போகும் என்று எழுதியிருக்கிறது. எனக்கும் பார்க்க வேண்டும்."

"கேசட்டே வரல, கார்டு சும்மாதான் கெடக்குது" என்று சொல்லி, கணினியின் மூடியைக் கழற்றி, கார்டை எடுத்து ஒரு திருமண ஆல்பத்தின் உறையில் போட்டுத் தந்தார். கேபிளையும் தந்தார். ஒரு முனை பெரியது, மறுமுனை மிகச் சிறியது. எங்களுக்கு வேண்டியதும் அதுவே. "கேசட்டு வந்தா ஃபோன் பண்ணுவேன், ஓடி வந்து குடுத்துடணும் சார்" என்றார். எல்லை மூடியதால்தான் அது என் கைக்கு வந்தது என்பதை வரும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

அண்டை வீட்டார் உறங்கப் போகவில்லை. துண்டு துண்டாக இருந்த கேபிள்களிலிருந்து ஒரு நீண்ட லேன் கேபிளைத் தேர்ந்து, முனைகளில் செருகிகளை அழுத்திப் பொருத்தித் தயாராக வைத்திருந்தார். கூடத்து மோடத்திலிருந்து அதை இழுத்து, டெஸ்க்டாப்பைப் பின்னறைக் கதவருகே வைத்தோம். அங்கிருந்து கட்டிலுக்கு ஃபயர்வயர் எட்டியது. கார்டைச் செருகி இயக்கியதும் டெஸ்க்டாப்பிலும் "1394 கனெக்ஷன்" என்ற சின்னம், யாரும் அழைக்காமலே, வந்து நின்றது. லேன், 1394 ஆகிய இரண்டையும் தேர்ந்தெடுத்தேன். பிரிட்ஜ் அமைந்தது. லேப்டாப் சில நொடிகள் தயங்கி, கூடத்து மோடம் தந்த எண்ணைப் பெற்றது. எனக்கு அதுவே போதிய சான்று. எண் வந்துவிட்டால் வழி திறந்துவிட்டது என்று பொருள்.

மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் இருக்க மகள் திரையில் தோன்றினாள். லேப்டாப்பை நான் சாய்த்துப் பிடித்திருந்தேன். மகள் தன் கணினியைத் தொட்டிலுக்குள் திருப்பினாள். குழந்தை விழித்திருந்தது.

"காது மேல தொப்பி இருக்குது பாரு, எடுடி" என்றாள் என் மனைவி முதலில்.

பிறகு பெயரைச் சொன்னாள். மூன்று முறை, இடைவெளி விட்டு.

மகளின் குரல் தாமதமாக வந்தது. "அம்மா, நடுவுல கட்டாயிடுச்சு. ரெண்டு தடவைதான் கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லு."

"மூணு தடவைதான்டி சொல்லணும். நான் சொல்லிட்டேன்."

"ரெண்டுதானே வந்துச்சு?"

அறையில் ஒரு குழப்பம் நிலவியது. அண்டை வீட்டார் கதவருகிலிருந்து மெல்லக் கேட்டார்: "அனுப்புனது கணக்கா சார், வந்து சேந்தது கணக்கா?"

பிரிட்ஜ் தான் பெற்றதை மறுபக்கம் அனுப்பும். வழியில் தொலைந்ததைத் திரும்பச் சொல்வது அதன் வேலை அல்ல. தொலைந்தது என்று தெரிந்தால் சொன்னவர்தான் மறுபடி சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி, "கேட்டதுதான் கணக்கு" என்று முடிவு செய்து, பெயரை நான்காவது முறை சொன்னாள். இம்முறை குழந்தை தலையை அசைத்தது. குரலைக் கேட்டா, தொப்பி போனதாலா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் எல்லை திறந்தது. கேசட்டும் வந்தது. நான் பெங்களூரிலிருந்து அதேபோன்ற ஒரு கார்டை வாங்கி, ஸ்டுடியோக்காரரின் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வயர்லெஸ் மோடமே வாங்கிவிடலாம், கதவருகில் தடுக்கி விழ வேண்டாம் என்றேன். "ஓடறதை எதுக்கு நோண்டறீங்க" என்றாள். அதன்பின் பல பிற்பகல்களில் மகள் தன் கணினியைத் தொட்டிலருகே திறந்துவைத்துவிட்டு வேலை பார்க்கப் போய்விடுவாள். இவள் பேசாமல் குழந்தை உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கதவருகே டெஸ்க்டாப்பின் பக்கத்தில் அமர்ந்து படிப்பேன். அதன் விசிறி ஒரே சீராக ஓடும். ஆவணியில் கட்டில் காலியாகும் வரை அவ்வாறு இருந்தது.

பின்னர் ஒருநாள் பிரிட்ஜைப் பற்றி மேலும் படித்தேன். தான் கற்ற முகவரிகளை அது எக்காலமும் வைத்திருப்பதில்லை. ஒரு முகவரியிலிருந்து சிறிது நேரம் எதுவும் வராவிட்டால் அதை மறந்துவிடும்; மீண்டும் பேசினால் மீண்டும் கற்கும். நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் இல்லாதவர்களின் பட்டியலே நீண்டுகொண்டு போகும். செவ்வாயன்று எங்களைக் கைவிட்ட வயர்லெஸ் கருவியையும் ஒரே ஒரு கட்டளையால் பிரிட்ஜோடு ஒத்துப்போகச் செய்திருக்கலாம் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அந்தக் கட்டளை தெரிந்திருந்தால் 1394 எதற்கென்று இன்றுவரை கேட்டிருக்கமாட்டேன்.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செய்யாமல் இருப்பவை:

ஸ்டுடியோக்காரருக்குக் கேபிளைத் திருப்பிக் கொடுப்பது. கார்டை மட்டுமே கொடுத்தேன், அவரும் கேட்கவில்லை.

அந்தக் கட்டளையை வயர்லெஸ் கருவியில் சோதித்துப் பார்ப்பது.

பேத்திக்குக் கேட்டுப் புரியும் வயது வந்ததும், அவளுடைய பெயர் நான்கு முறை சொல்லப்பட்டு மூன்று முறை வந்து சேர்ந்ததைச் சொல்வது.

டெஸ்க்டாப்பைக் கதவருகிலிருந்து கூடத்துக்கு நகர்த்துவது.